புளி கரையாத வயிறு

செங்கோட்டுவேல் ஒரு மனிதனை அடித்துக் கொன்ற அன்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

பல வருஷங்களாக அவனுக்கு அப்படிச் சாப்பிட வாய்த்ததில்லை. நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் போய்வருகிற லாரி டிரைவர் அவன். நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு, வெறும் வயிற்றில் டீ என்று ஓடிய உடம்பில் வயிற்றுப்புண் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பெல்லாம் இரண்டு வாரம் மாத்திரை போட்டால் அடங்கிவிடுகிற நோய்தான். ஆனால் புண்ணை உண்டாக்குகிற கிருமி, இருந்த மருந்துகள் அத்தனைக்கும் பழகிப்போய் எதற்கும் அசையாத காலம் அது. ஜனங்கள் மறுபடியும் ரத்த வாந்தி எடுத்துச் சாகத் தொடங்கியிருந்தார்கள். செங்கோட்டுவேலும் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகுதான், ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தான்.

புண் ஆறியது. முகத்தில் சதை பிடித்தது. அப்புறம்தான் அந்தச் சம்பவம்.

மலையடிவாரச் சாலையில் மூன்று பேர் பைக்கைக் குறுக்கே போட்டு லாரியை மறித்தார்கள். பழகிய முகங்கள்தான். முன்பெல்லாம் செங்கோட்டுவேல் கையெடுத்துக் கும்பிட்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டு, நடுங்கும் கையால் கியரைப் போட்டுக் கிளம்புவான். அன்று சீட்டுக்குப் பின்னால் இருந்த ஜாக்கி லிவரை எடுத்துக்கொண்டு இறங்கினான். முதல் ஆளின் மண்டையில் ஒரு போடு. அவன் சாய்ந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது ஆளின் முழங்காலில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் இன்ஜின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. மூன்றாமவன் சோளக்காட்டுக்குள் ஓடினான். செங்கோட்டுவேல் அவசரமே இல்லாமல் பின்னால் போய், தடுக்கி விழுந்தவனைப் பிடித்தான். அவன் இவன் காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சினான். கெஞ்சல் நிற்கும்வரை இவன் அடித்தான். பிறகு லிவரைச் சோளத்தட்டில் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போய் லோடை இறக்கினான். ஒரு முட்டைகூட உடையவில்லை. ஓட்டலில் ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போலீஸ் வந்தபோது லாரி நிழலில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் சட்டைப் பையில் இருந்த ஆஸ்பத்திரி அட்டையில் டாக்டர் உமையாளின் போன் நம்பர் இருந்தது. ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

உமையாளுக்குச் சொந்த ஊர் காரைக்குடி. இரைப்பை மருத்துவம் படித்தவள். அந்த ஆராய்ச்சியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவளுடையது. லாக்கப்புக்குள் உட்கார்ந்திருந்த செங்கோட்டுவேல் அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றான். சட்டையில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

“எப்படி இருக்கீங்க?” என்றாள். வேறென்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“நல்லா இருக்கறேனுங்க டாக்டரம்மா. நெஞ்செரிச்சல் சுத்தமா இல்லீங்க.”

“ஏன் அடிச்சீங்க?”

“வழிய மறிச்சானுங்க.”

“முன்னாடியும் மறிச்சிருக்காங்கல்ல?”

“மறிச்சிருக்கறானுங்க. அப்பெல்லாம் அவனுங்களப் பாத்ததுமே வயித்துல புளியக் கரைக்குமுங்க. காலு ஆடும். இன்னிக்கு ஒண்ணுமே கரையலீங்க. இப்ப வரும், இப்ப வரும்னு நானும் பாத்தேன். வரலை. செரி, எறங்கிப் பாக்கலாம்னு எறங்குனேன்.”

“ஓடுனவனை எதுக்குத் துரத்தினீங்க? அவன் கெஞ்சினானாமே?”

செங்கோட்டுவேல் நிஜமாகவே யோசித்தான். “நிறுத்தோணும்னு எதும் தோணலீங்க” என்றான்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது உமையாளின் அடிவயிறு சில்லிட்டிருந்தது. அந்தச் சில்லிப்பு தன்னிடம் இன்னும் இருக்கிறதே என்று முதன்முதலாக நினைத்தாள்.

அந்த மருந்து மாத்திரையல்ல, கிருமி. புண்ணை உண்டாக்குகிற கிருமியையே ஆய்வுக்கூடத்தில் பிடித்து, கடிக்கிற பல்லைப் பிடுங்கி, காப்பாற்றுகிற வேலையைச் சொல்லிக்கொடுத்து மறுபடி வயிற்றுக்குள் அனுப்பினார்கள். அது உள்ளே போய்ப் பழைய கிருமியை விரட்டிவிட்டு அங்கேயே குடியேறிவிடும். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைச் ‘சாந்தன்’ என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். சேர்ந்த நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சாந்தன் கலந்த தண்ணீர், மீதிப் பேருக்கு அதே ருசியில் வெறும் சீனித்தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்துச் சோதனை என்றால் அப்படித்தான். எரிச்சலைக் குறைக்கிற வழக்கமான மாத்திரை மட்டும் எல்லோருக்கும் உண்டு.

சாந்தனை உருவாக்கியவர் டாக்டர் ஜெயசீலன். அவர் மனைவி கல்யாண வீடு ஒன்றில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோதே ரத்தம் கக்கிச் செத்தவள். அதற்குப் பிறகு அந்த நோயைத் தவிர வேறெதையும் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. உமையாள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், சோதனையை நிறுத்தணும்.”

“ஒரு டிரைவர் வழிப்பறிக்காரனை அடிச்சதுக்கா?”

“அவருக்குப் பயமே வரலை சார். வழக்கமா வயித்துல வர்ற பயம் வரலைன்னு அவரே சொல்றாரு. சாந்தன் வயித்துலேர்ந்து மூளைக்குப் போற நரம்பைத் தொடுதா?”

ஜெயசீலன் மறைக்கவில்லை. “தொடுது. புண் ஆறணும்னா வயிறு பதறாம இருக்கணும். அதனால அந்த நரம்பைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்லிக் குடுத்தேன். நாம நினைக்கிற மாதிரி மூளை பயந்து அப்புறம் வயிறு கலங்கறதில்லை உமையாள். பாதிப் பயம் வயித்துலதான் பிறக்குது. வயிறு கலங்குறதைப் பார்த்துத்தான் மூளை, ‘ஓகோ, ஆபத்து’ன்னு புரிஞ்சுக்குது.”

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எலிங்க பூனையைப் பார்த்து ஓடாம நின்னுச்சு. தெரியும்.”

“தெரிஞ்சுமா மனுஷங்களுக்குக் குடுத்தீங்க?”

“ரத்தம் கக்கிச் சாகறதைவிட இது தேவலைன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.” அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். “பயமில்லாத காவலாளுங்க வேணும்னு ரெண்டு பெரிய கம்பெனி இப்பவே விசாரிக்குது. அவங்ககிட்ட இன்னும் பேசலை. பேசலாமான்னு பார்க்கிறேன்.”

உமையாள் மேசையை நெருங்கினாள். “சார், ஒரு ஆள் செத்துட்டான். இன்னும் எத்தனை பேர் வயித்துல இது இருக்குன்னே நமக்குத் தெரியாது. உங்களுக்குப் பயமாவே இல்லையா?”

ஜெயசீலன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபமோ குற்றவுணர்வோ இல்லை. பாடம் ஒன்றைப் புதிதாகப் புரிந்துகொண்ட மாணவனின் வியப்புதான் இருந்தது.

“இல்லை” என்றார். “மத்தவங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நான்தான் முதல்ல குடிச்சேன். அதனாலயா இருக்கும்.”

அவரிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவர் கெட்டவரல்ல. ஆபத்தை எடைபோடுகிற தராசே அவரிடம் இல்லாமல் போயிருந்தது. அன்றே அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். விசாரித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. அதுவரைக்கும் நோயாளிகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகப் பார்ப்பதென்று முடிவு செய்தாள்.

முதலில் வந்தவள் நவமணி.

கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலை அவளுக்கு. புருஷன் மாதேஸ்வரன் கறிக்கடையில் கோழி வெட்டுபவன். ஒரு பெண் குழந்தை. சோதனையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வரும்போதெல்லாம் உமையாள் முதலில் பார்ப்பது வயிற்றையல்ல. கன்னத்தையும் கழுத்தையும்தான் பார்ப்பாள். உதடு கிழிந்திருக்கும், அல்லது கண்ணோரம் கன்றியிருக்கும். ஒருமுறை காதுமடல் அறுந்திருந்தது. கேட்டால், “பண்ணையில வழுக்கி வுழுந்துட்டேனுங்க” என்பாள். போலீசுக்குப் போகலாம் என்று உமையாள் சொன்னபோது அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

இந்தத் தடவை முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வயிறு எப்படி இருக்கும்மா?”

“நல்லாருக்குதுங்க டாக்டரம்மா. வலி போயே போச்சுங்க.”

“வீட்டுல?”

நவமணி சிரித்தாள். அவள் பல்வரிசையை உமையாள் அதுவரை பார்த்ததே இல்லை. “போன வாரம் கைய ஓங்குனானுங்க. புடிச்சுட்டேன். புடிச்ச கைய விடவே இல்லீங்க. அவன் என்னைப் பாத்தான், நான் அவனப் பாத்தேன். பொறவு அவனே கைய உருவிக்கிட்டுப் போயிட்டான். உங்க மருந்து நல்ல மருந்துங்க. பண்ணையில எல்லாருகிட்டயும் சொல்லீட்டேன். அல்சருக்கு மட்டுமில்ல, அது பயத்துக்கும் மருந்துன்னு.”

உமையாளுக்கு அந்த நேரத்தில் நெஞ்சு நிறைந்தது உண்மை. அதே நேரத்தில் சோளக்காட்டுக்குள் அவசரமில்லாமல் நடந்துபோன செங்கோட்டுவேலும் கண்முன் வந்தான்.

“நவமணி, கொஞ்ச நாளைக்கு நீ உங்கம்மா வீட்டுல போய் இருக்க முடியுமா?”

“எதுக்குங்க? இப்பத்தானுங்க நான் எம்வீட்டுல குடியிருக்கறேன்.”

உமையாள் மருந்து அட்டையை எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே வரவேற்பறையில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது.

மாதேஸ்வரன் கடையிலிருந்து நேராக வந்திருந்தான். கையில் கோழி வெட்டுகிற பட்டைக்கத்தி. “எம்பொண்டாட்டிக்கு என்னடி ஊத்துனீங்க? எவடி ஊத்துனவ?” என்று கத்திக்கொண்டு, குறுக்கே வந்த காவலாளியின் தோளில் வெட்டினான். காவலாளி சுவரில் சாய்ந்து சரிந்தார். காத்திருந்த ஜனங்கள் அலறியடித்துக்கொண்டு வாசல் பக்கம் பாய்ந்தார்கள். யாரோ ஒரு கிழவர் கீழே விழுந்து மிதிபட்டார்.

உமையாள் அறைக்கதவைத் திறந்தபோது ஜெயசீலன் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். கத்தியைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார். வெயிலில் வந்தவனைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிடப் போகிறவர்போல மாதேஸ்வரனை நோக்கி நடந்தார்.

“சார், போகாதீங்க!” என்று உமையாள் கத்தினாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கீழ போடுப்பா அதை” என்று சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டே கை நீட்டினார். எதிரில் வருகிறவன் ஓர் அடியாவது தயங்குவான் என்று மாதேஸ்வரன் எதிர்பார்த்திருக்க வேண்டும். தயங்காதது அவனை இன்னும் வெறியாக்கியது. நீட்டிய கையை வெட்டினான். இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. ஜெயசீலன் அவற்றைக் குனிந்து பார்த்தார், பின்வாங்கவில்லை. மற்றொரு கையை நீட்டினார். கத்தி அவர் கழுத்தில் இறங்கியது. அப்போதும் அவர் முகத்தில் திகைப்பு மட்டும்தான் இருந்தது. அப்படியே முழங்காலிட்டு, பக்கவாட்டில் சாய்ந்தார்.

பயந்து ஓடியிருந்தால் பிழைத்திருப்பார். நாலடி தள்ளிக் கதவு இருந்தது.

மாதேஸ்வரன் உமையாள் பக்கம் திரும்பினான். அவள் ஓடப் பார்த்தாள். கால் வழுக்கியது. தரையில் ஊர்ந்து மேசைக்கடியில் நுழையப் போனவளின் முடியைப் பிடித்து இழுத்தான். தடுக்க உயர்த்திய முன்கையில் கத்தி எலும்புவரை போனது. வலி உடனே தெரியவில்லை. சூடாக ஏதோ முகத்தில் தெறித்தது மட்டும் தெரிந்தது. அவன் மறுபடி ஓங்கினான்.

தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அவன் பிடி தளர்ந்தது.

பின்னால் நவமணி நின்றாள். சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் அவள் இரண்டு கைகளிலும் இருந்தது. மாதேஸ்வரன் குப்புற விழுந்தான். கத்தி தரையில் வழுக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கடியில் போய்விட்டது. அவன் கைகளை ஊன்றி எழப் பார்த்தான். “நவமணி” என்றான். மிரட்டலாகவா, கெஞ்சலாகவா என்று உமையாளால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை.

நவமணி மறுபடி அடித்தாள். அவன் படுத்துவிட்டான். அதற்குப் பிறகும் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஏதோ சொன்னாள். அடிக்கிற மூச்சோடு கலந்துபோனதால் என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. “போதும்” என்று உமையாள் கத்தியபோது அங்கே அடிப்பதற்கு முகமென்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு நவமணி வந்து உமையாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் துப்பட்டாவைக் கிழித்து அவள் கையில் இறுகக் கட்டினாள். போலீஸ் வரும்வரை அந்த முடிச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சோதனையை அரசாங்கம் தடை செய்தது. டி.வி.யில் நாள் முழுக்க அதே பேச்சாக இருந்தது. ‘பயத்தைத் தின்னும் கிருமி’ என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து ஊரில் ஒரு நோயாளி, மின்கம்பி அறுந்து கிடந்த தண்ணீரில் சும்மா நடந்துபோய்ச் செத்திருந்தான். இன்னொருவன் கந்துவட்டிக்காரனின் வீட்டுக்குள் புகுந்து அண்ணன் தம்பி இருவரையும் குத்தியிருந்தான். நல்லவேளையாக, தேவைப்பட்டால் சாந்தனை மட்டும் கொல்வதற்கென்று ஜெயசீலன் ஒரு முறிவு மாத்திரையும் தயாரித்து வைத்திருந்தார். வயிற்றில் சாந்தன் இருக்கிற அத்தனை பேருக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. யாருக்குச் சாந்தன், யாருக்குச் சீனித்தண்ணீர் என்கிற விவரத்தை, சோதனைக்குப் பணம் போட்ட மருந்துக் கம்பெனி வெளியே விடாமல் வக்கீல்களை வைத்து இழுத்தடித்தது. அதனால் ஒவ்வொருவர் மூச்சையும் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு தம்ளர் திரவத்தைக் குடிக்கவைத்து, கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையில் ஊதச் சொன்னால், உள்ளே சாந்தன் இருக்கிறானா என்று கையடக்கக் கருவி சொல்லிவிடும். கையில் கட்டோடு உமையாளே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

சேலத்துச் சிறையில் செங்கோட்டுவேல் ஊதியதும் கருவி உடனே காட்டிக்கொடுத்தது. முறிவு மாத்திரையை அவன் மறுக்காமல் விழுங்கினான்.

அடுத்த வாரம் சிறையிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் போனபோது அவனை இரண்டு வார்டர்கள் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் வழிந்தது. சுவரில் முட்டியிருந்தான்.

“டாக்டரம்மா, அவன் எங்காலப் புடிச்சானுங்க” என்றான். பல் கிட்டிப்போய் வார்த்தைகள் உடைந்து வந்தன. “எம்புள்ளைக்கு ரெண்டு வயசுண்ணா, வுட்டுருங்கண்ணான்னானுங்க. அன்னிக்கு அது காதுல வுழுந்துச்சு, உள்ள போவலை. இப்பத்தானுங்க கேக்குது. தூங்குனாலும் கேக்குது. என்னால முடியலீங்க.”

“செங்கோட்டுவேல், அது மருந்து பண்ணின வேலை.”

“மருந்துங்களா? கை என்ற கைங்க.” அவன் அந்தக் கையைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தான், வார்டர் பிடித்து நிறுத்தும்வரை. “அந்தக் கிருமிய மறுக்கா குடுங்க டாக்டரம்மா. கும்புட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு வாட்டி குடுங்க.”

அவள் கொடுக்கவில்லை. கொடுக்க அவளிடம் இல்லை. இருந்த அத்தனையையும் அதிகாரிகள் முன்னிலையில் எரித்துவிட்டிருந்தார்கள். அவனுக்குப் பழைய புண் திரும்ப வந்தது. மழைக்காலம் தொடங்குவதற்குள் ரத்தம் கக்கிச் செத்துப்போனான்.

நவமணியிடம் போவதைத்தான் உமையாள் கடைசியாக வைத்திருந்தாள். பெண்கள் சிறையில் ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். காவலர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

நவமணியின் வக்கீல் கேஸை நன்றாகவே அமைத்திருந்தார். முதல் அடி டாக்டரைக் காப்பாற்ற அடித்தது, அதில் குற்றமில்லை. விழுந்தவனை அதற்குப் பிறகு அடித்ததுதான் சிக்கல். அதைக் கிருமியின் தலையில் போட்டுவிட்டால் அவள் வீட்டுக்குப் போய்விடலாம். மூச்சுச் சோதனை முடிவு ஒன்றுதான் பாக்கி.

திரவத்தைக் குடித்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். நவமணி தன் மகள் கனிஷ்காவைப் பற்றிச் சொன்னாள். பாட்டி வீட்டில் இருக்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று சாப்பிடாமல் அழுதாளாம்.

“டாக்டரம்மா, அந்த மாத்திரையப் போட்டா நான் பழையபடி ஆயிருவனுங்களா?”

“பழையபடின்னா?”

“கதவு சத்தம் கேட்டா மூலையில போய் ஒடுங்குவனே, அப்படி.” அவள் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். “ஒரு வாரமா அதையே நெனச்சு சோறு எறங்கலீங்க. ரொம்பப் பயமா இருக்குதுங்க.”

உமையாள் நிமிர்ந்தாள். எத்தனையோ நோயாளிகளைச் சோதித்துவிட்டாள். சாந்தன் வயிற்றில் இருந்த ஒருவர்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

பையில் ஊதச் சொன்னாள். கருவியில் பொருத்தினாள். சந்தேகமாக இருந்ததால் மறுபடி ஊதச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவையும் ஒரே முடிவுதான். நவமணியின் வயிற்றில் சாந்தன் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அவள் குடித்தது சீனித்தண்ணீர். எரிச்சலைக் குறைக்கிற வழக்கமான மாத்திரையிலேயே வலி அடங்கியிருக்கிறது.

“என்னங்க?”

கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘இருக்கிறது’ என்று எழுதிவிடலாம். யாரும் திரும்பச் சோதிக்கப் போவதில்லை. கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்தது. அந்தக் கை இன்னும் உடம்போடு இருப்பதற்குக் காரணமானவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் பொய் சொல்லவும் உமையாளுக்கு வாய் வரவில்லை.

“உனக்கு அந்த மருந்தே குடுக்கலைம்மா. நீ குடிச்சது வெறும் தண்ணி.”

நவமணிக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

“அப்பொ அவன் கையப் புடிச்சது?”

“நீதான்.”

“உங்களக் காப்பாத்துனது?”

“நீதான்.”

“பொறவு…” அவள் குரல் இறங்கியது. “பொறவு அடிச்சதுங்க?”

நவமணி முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். முதலில் அது மாதேஸ்வரனுக்கான அழுகையாக இருந்திருக்கலாம். அப்புறம் வேறு எதற்கோ அழுவது போல இருந்தது. வெளியே நின்ற காவலர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“நவமணி, கிருமி இருக்குன்னு நான் எழுதிடறேன்” என்றாள் உமையாள், மெதுவாக. “நீ வீட்டுக்குப் போயிடலாம். குழந்தை இருக்கா.”

நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எழுதுனா அந்த மாத்திரையக் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க. அது உன்னை ஒண்ணும் பண்ணாது. கொல்றதுக்கு உள்ள எதுவும் இல்லையே.”

“அதுக்கில்லீங்க.” அவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “அத நான் முழுங்கறத எல்லாரும் பாப்பாங்க. முடிஞ்சுது, இனி இவ பழைய நவமணின்னு நெனைப்பாங்க. அவனோட அண்ணன் தம்பிங்க நெனைப்பாங்க. நாளைக்கு எம்மக கேப்பா, ஏம்மா அப்படிப் பண்ணுனேன்னு. கிருமி பண்ணுச்சு கண்ணுன்னு சொல்லட்டுங்களா? அப்பொ, புடிச்ச கையையும் கிருமிதான் புடிச்சுதுன்னு ஆயிருமே.”

“ஜெயில்ல இருக்கணும்மா.”

“இருக்கறேன். பயமாத்தான் இருக்குது. இருந்துட்டுப் போவுது.” மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து உமையாளிடம் கொடுத்தாள். “இல்லைன்னு எழுதுங்க.”

உமையாள் எழுதினாள்.

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். கோர்ட்டில் உமையாள் சாட்சி சொன்னாள். விழுந்த பிறகும் அடித்தாள் என்பதை மறைக்கவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தான் பார்த்த காயங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீதிபதி கொலை என்று தீர்ப்பு எழுதவில்லை. ஆத்திரத்தில் நடந்த மரணம் என்று சில வருஷங்கள் தண்டனை கொடுத்தார். நவமணி மகளை ஒருமுறை தூக்கி முத்தமிட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

தீர்ப்பு வந்த வாரம், ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த சாமான்களை எடுத்துக்கொள்ள உமையாள் போனாள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பண்ணை வேலைக்குப் போகிறவர்கள். சிலர் நாமக்கல்லே இல்லை, ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்திக்குத் தாடை வீங்கியிருந்தது. இன்னொருத்தி கையைத் தொட்டிலில் போட்டதுபோல் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரி மூடியாச்சும்மா. அல்சருக்கு ஜி.ஹெச்.சுக்குப் போங்க” என்றாள் உமையாள்.

“எங்களுக்கு அல்சர் இல்லீங்க” என்றாள் கை ஒடிந்தவள். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “அந்த நவமணிக்கு ஒண்ணு குடுத்தீங்களாமே. அதுல சித்த எங்களுக்கும் குடுங்க டாக்டரம்மா. வெளிய சொல்லமாட்டோம்.”

உமையாள் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்பதும், சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வயிறு கலங்கியது.

“நவமணிக்கு நாங்க எதுவுமே குடுக்கலைம்மா” என்றாள். “வெறும் சீனித்தண்ணிதான்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்பொ அதெல்லாம் அவளே பண்ணுனதுங்களா?” என்றாள் தாடை வீங்கியவள். பிறகு பஸ் நிறுத்தத்தை நோக்கிக் கூட்டமாக நடக்க ஆரம்பித்தார்கள்.